அப்பாவின் சவர டப்பாவும் 250 வருஷ நுரையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

எங்க வீட்டுல ஒரு தகர டப்பா இருந்துச்சு. ஒரு காலத்துல பிஸ்கட் டப்பாவா இருந்திருக்கணும். மூடியில இருந்த பொண்ணு படம் பாதி துருவாகி, பாதி பொண்ணா மிச்சம் இருக்கும். அதைத் திறந்தா ஒரு ரேசர், ஒரு பிரஷ், ஓரம் உடைஞ்ச கண்ணாடி, ஒரு துண்டு படிகாரம், அப்புறம் கட்டை விரல் தடிமன்ல ஒரு சோப்புக் குச்சி. ஞாயித்துக்கிழமை காலைல அப்பா வேப்பமரத்து ஆணியில கண்ணாடிய மாட்டிட்டு உக்காந்தார்னா அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது.

ஊர்ல சலூன் இல்லாம இல்ல. கடைத்தெருவுல பஸ் ஸ்டாப்புக்கு எதிர்லயே இருந்துச்சு. ஆனா அப்பா ஒருநாளும் அங்க போனதில்ல. முடி வெட்டக்கூட டவுனுக்குத்தான் போவார். "ஏம்ப்பா?"ன்னு ஒருதடவை கேட்டேன். "சோப்பு மலிவுடா. சலூனுக்கு எவன் காசு அழுவறது?"ன்னார். சரி, நம்ம அப்பா சரியான கஞ்சம்னு நானும் முடிவு பண்ணிட்டேன். அந்த முடிவு தப்புன்னு தெரிய எனக்கு இருபது வருஷம் ஆச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப இது ஏன் ஞாபகம் வந்துச்சுன்னா, போன மாசம் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். கேன் நுரை, அஞ்சு பிளேடு ரேசர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு பழைய மாதிரி பிரஷ், ஒத்தை பிளேடு ரேசர்னு மாறியிருக்கார். "எல்லாம் வாங்கிட்டேன் சார். ஆனா இந்த வெளிநாட்டு சோப்பு விலையப் பாத்தா தலை சுத்துது. மலிவா, நல்லதா எதை வாங்கலாம்?"ன்னார். ரெண்டு வரில பதில் சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் எதையும் சுருக்கமா சொல்லி வழக்கம் இல்லையே! :-)

தானே செய்து கொள்ளும் கலை

முகச்சவரம் என்பது ரொம்ப காலம் இன்னொருத்தர் கையால் நடக்கிற வேலை. ஐரோப்பாவிலும் அப்படித்தான், நம்ம ஊரிலும் அப்படித்தான். பாரிஸில் கத்தி செய்யும் தொழில் பார்த்த ழான்-ழாக் பெர்ரே என்பவர் 1769ல் ஒரு புத்தகம் போட்டார். 'தனக்குத்தானே சவரம் செய்யக் கற்கும் கலை' என்பது அதன் தலைப்பிலேயே உண்டு. அதுக்குன்னு தனியா ஒரு புத்தகம் போடணும்னா, அது எவ்வளவு அபூர்வமான விஷயமா இருந்திருக்கும்னு பாத்துக்குங்க.

தானே செஞ்சுக்க ரெண்டு விஷயம் வேணும். தொண்டையை அறுக்காத கத்தி ஒண்ணு, முடியை ஊற வைக்கிற நுரை ஒண்ணு. கத்திக்கு வழி பிறக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நுரை முந்திக்கிச்சு.

அதுக்குக் காரணமான ஆட்களில் முக்கியமானவர் மிஷெல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். (1786ல் பிறந்து 1889 வரைக்கும், 102 வருஷம் வாழ்ந்த மனுஷன்!) கொழுப்பு என்பது ஒரே பொருள் இல்லை, கிளிசரினும் பல கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று 1823ல் வெளியான தன் நூலில் விளக்கினார். அதில் ஒன்றுதான் ஸ்டியரிக் அமிலம். சோப்பு காய்ச்சுவது அதுவரை கைப்பக்குவம். அதுக்கப்புறம் எந்தக் கொழுப்பு எப்படி நுரைக்கும்னு கணக்குப் போட்டுச் செய்யற தொழில் ஆச்சு.

சவர சோப்பின் ரகசியம் மொத்தமும் இங்கதான் இருக்கு. தேங்காய் எண்ணெய் சோப்பு சட்டுனு பொங்கும், ஆனா குமிழ் பெருசா இருக்கும், சீக்கிரம் அமுங்கிடும். ஸ்டியரிக் அமிலம் மெதுவாத்தான் நுரைக்கும், ஆனா கெட்டித் தயிர் மாதிரி நின்னு பிடிக்கும். அப்புறம் காரம். சோடியம் காரம் போட்டா கட்டி சோப்பு. பொட்டாசியம் காரம் போட்டா மெத்துனு, தண்ணியில லேசா கரையற சோப்பு. ஸ்டியரிக் அமிலம் நிறைய, தேங்காய் எண்ணெய் கொஞ்சம், பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, கொஞ்சம் கிளிசரின். அவ்வளவுதான் சவர சோப்பு. இதே சரக்குல தண்ணி கூடினா டியூப்ல வர்ற கிரீம்.

இதுல ஒண்ணுகூட விலை உசந்த பொருள் கிடையாது. இதை மனசுல வச்சுக்குங்க, கடைசில வேணும்.

கோப்பை, குச்சி, யுத்தம்

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஜேம்ஸ் பேக்கர் வில்லியம்ஸ் 1840ல் தொடங்கிய தொழில், சவர சோப்பை ஆலையில் செய்து ஊர் ஊரா அனுப்பும் வியாபாரமா வளர்ந்துச்சு. கோப்பைக்குள்ள வட்டமா உக்காரும் சோப்பு, மேல பிரஷ்ஷால சுத்தினா நுரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க முடிதிருத்தும் கடைகளில் வாடிக்கையாளர் ஒவ்வொருத்தருக்கும் பேர் எழுதின தனிக் கோப்பை அலமாரியில இருக்குமாம். அடுத்தவர் முகத்துப் படை நமக்கு ஒட்டக்கூடாதுன்னு ஒரு பயம், நமக்குன்னு ஒரு கோப்பைங்கற பெருமை, ரெண்டும்தான். பயணம் போறவங்களுக்கு சோப்பைக் குச்சியா உருட்டி டப்பியில போட்டு வித்தாங்க. எங்க அப்பா டப்பாவுல இருந்தது இந்தக் குச்சியோட வம்சம்தான்.

கத்திப் பிரச்சனையைத் தீர்த்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். 1903ல, முதல் வருஷம் அவர் வித்தது 51 ரேசர், 168 பிளேடு. நம்மூர் பெட்டிக்கடையே இதைவிட நல்லா ஓடும்! 1904 நவம்பர் 15ல் காப்புரிமை கிடைச்சுது. ஆனா ஆம்பளைங்களை எல்லாம் தானே சவரம் செய்ய வச்சது விளம்பரம் மட்டும் இல்ல, யுத்தமும்தான். 1915 ஏப்ரல் 22ல் பெல்ஜியத்தின் ஈப்ர் பக்கத்தில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதுக்கப்புறம் வந்த வாயுக் கவசம் முகத்தோட ஒட்டி நிக்கணும்னா தாடி இருக்கக்கூடாது. பதுங்கு குழியில நாவிதருக்கு எங்க போறது? அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்காக சுமார் 35 லட்சம் ரேசர் வாங்குச்சு. ஊர் திரும்பினவங்க பழக்கத்தையும் கூடவே கொண்டு போனாங்க.

இந்த இடத்துல மலிவுச் சரக்கு பத்தி ஒரு எச்சரிக்கையும் வரலாறு தருது. நல்ல பிரஷ்ஷுக்கு வேண்டிய வளைக்கரடி முடி யுத்தத்தால சரியா வரலை. குதிரை முடியை அதுமாதிரி தோற்றத்துக்கு மாத்தி வித்தாங்க. முடியைக் கிருமி போகச் சுத்தம் செய்யலை. அதுல இருந்த ஆந்த்ராக்ஸ் கிருமி சவரக் கீறல் வழியா உள்ள போயிடுச்சு. 1915 முதல் 1924 வரை அமெரிக்கா, பிரிட்டனில் 200 பேருக்கு மேல் இப்படி நோய் கண்டது. பிரஷ்ஷே எமனாச்சு. மலிவு வேற, போலி வேற. இந்த வித்தியாசம் முக்கியம்.

நம்ம பக்கம்

எங்க தாத்தா காலத்துல நாவிதர் அடைப்பத்தைத் தூக்கிட்டு வீடு வீடா வருவாராம். சோப்பெல்லாம் கிடையாது. கிண்ணில தண்ணி, அதைத் தொட்டுத் தொட்டு தாடை தோல் மெத்துனு ஆகுற வரைக்கும் விரலால தேய்ப்பு, அப்புறம் கத்தி. கூலி காசா இல்ல, அறுப்பு சமயத்துல களத்துல நெல்லு.

சீமைச் சவர சோப்பு வந்தப்போ இங்க வேற ஒரு சிக்கல். அங்க சோப்புக்கு ஸ்டியரிக் அமிலம் கிடைச்சது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பிலிருந்து. நம்ம நாட்டுல அதை முகத்துல பூச நிறைய பேர் தயங்கினாங்க. 1897ல் பூட்டுத் தொழில் ஆரம்பிச்ச அர்தேஷிர் கோத்ரெஜ், 1918ல் சோப்புக்கு வந்து, விலங்குக் கொழுப்பே இல்லாம தாவர எண்ணெயில சோப்பு செஞ்சார். சுதேசி அலை அடிச்ச நேரம். கோத்ரெஜ் பேர்ல பின்னாடி சவர சோப்புக் குச்சியும், வட்ட சோப்பும், டியூப் கிரீமும் வந்துச்சு.

1980கள்ல தூர்தர்ஷன் பாத்தவங்களுக்கு கபில்தேவ் ஞாபகம் இருக்கும். முகம் பூரா நுரையோட சிரிச்சுக்கிட்டு "பாமோலிவ் தா ஜவாப் நஹீ". அர்த்தம் யாருக்குத் தெரியும்? எங்க தெருவுல தாடி முளைக்காத பயலுக எல்லாம் அதைச் சொல்லிட்டு திரிஞ்சோம். அப்பா மட்டும் குச்சியை விடலை.

சரி, இப்ப அந்த சலூன் கதை.

காந்தி தன் சுயசரிதையில ஒரு சம்பவம் எழுதியிருக்கார். முகச்சவரம் தானே செஞ்சுக்க இங்கிலாந்திலயே கத்துக்கிட்டார். பிரிட்டோரியாவில் முடி வெட்டப் போனப்போ, வெள்ளைக்கார முடிதிருத்துபவர் முடியாதுன்னுட்டார். காந்தி நேரா போய் ஒரு முடி வெட்டும் கருவி வாங்கி, கண்ணாடி முன்னால நின்னு தானே வெட்டிக்கிட்டார். முன்பக்கம் சுமாரா வந்துச்சு, பின்பக்கம் நாசம். கோர்ட்டுல நண்பர்கள் எலி கடிச்சதான்னு கேட்டு சிரிச்சாங்களாம். ஆனா எனக்கு முக்கியம் அதுக்கு அடுத்து அவர் சொல்றதுதான். அந்த ஆளைக் குத்தம் சொல்ல முடியாது, கறுப்பர்களுக்கு வெட்டினா அவர் வாடிக்கை போயிடும். நம்ம நாட்டுலயும் தீண்டப்படாதவர்னு ஒதுக்கினவங்களுக்கு நம்ம நாவிதர்களை வெட்ட விடறோமா, அந்தப் பாவத்துக்குக் கிடைச்ச தண்டனை இதுன்னு நினைச்சதால கோபம் வரலைங்கறார்.

இதை நான் படிச்சது காலேஜ் லைப்ரரியில. அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பெரியப்பாகிட்ட சொன்னேன். அவர் வெத்தலைய மென்னுக்கிட்டே, "உங்கப்பன் கதையும் அதானேடா"ன்னார்.

1972. அப்பாவுக்கு பத்தொன்பது வயசு. தஞ்சாவூர்ல ஒரு வேலைக்கு நேர்காணல். ஒரு நாள் முந்தி கடைத்தெரு சலூனுக்குப் போயிருக்கார். நாற்காலி காலியா இருக்கு. கடைக்காரர் இவரைப் பாத்துட்டு, "இன்னிக்கு கடை இல்லப்பா"ன்னு சொல்லிருக்கார். வெளிய வந்து அப்பா ரோட்டு முனை திரும்பறதுக்குள்ள வேற ஒருத்தர் அந்த நாற்காலில உக்காந்தாச்சு. எங்க தெரு எதுன்னு இதுக்கு மேல நான் விளக்க வேண்டாம்னு நினைக்கிறேன்.

தீண்டாமையைக் காரணம் காட்டி ஒருத்தருக்கு சேவை மறுக்கறது குற்றம்னு 1955லயே சட்டம் வந்தாச்சு. பதினேழு வருஷம் ஆகியும் அந்தச் சட்டம் எங்க ஊர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டலை.

அப்பா அன்னிக்கு நாலு மைல் நடந்து டவுனுக்குப் போய், ஒரு ரேசர், ஒரு பாக்கெட் பிளேடு, ஒரு சோப்புக் குச்சி வாங்கியிருக்கார். பிரஷ்ஷுக்குக் காசு பத்தலை, விரலாலயே நுரை பண்ணியிருக்கார். தாடையில மூணு வெட்டோட நேர்காணலுக்குப் போனார். வேலை கிடைச்சுது.

அப்பாகிட்ட ரொம்ப நாள் கழிச்சு இதைக் கேட்டேன். கோபமா ஏதாவது சொல்வார்னு பாத்தேன். "அந்தாளைச் சொல்லி என்னடா? எங்களுக்கு வெட்டுனா அவருக்குக் களத்துல நெல்லு கிடையாது. அவரையும் எவன் வாசப்படி ஏத்துனான்?"ன்னார். உண்மைதான். வைத்தியமும் பிரசவமும் பார்த்து மருத்துவர்னு பேர் வாங்கின சமுதாயம் அது. அவங்க கத்தி யார் முகத்துல படலாம்னு முடிவு பண்ணினது கத்தி வச்சிருந்தவர் இல்ல, நெல்லு வச்சிருந்தவர்.

அப்புறம்தான் "சோப்பு மலிவுடா"ங்கறதுக்கு எனக்கு அர்த்தம் புரிஞ்சுது. அது கஞ்சத்தனம் இல்ல. சோப்பு மலிவா இருந்ததால, அவர் யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியிருக்கலை.

காத்துக்குக் காசு

இதுக்கு நடுவுல மேற்கே கதை வேற திசையில போச்சு. 1919ல் பிரஷ்ஷே வேண்டாத பார்பசால் கிரீம். 1925ல் பர்மா-ஷேவ், ரோட்டோரம் வரிசையா பலகை நட்டு விளம்பரம் செஞ்சாங்க. 1950ஐ ஒட்டி அழுத்தினா நுரை வரும் கேன் வந்துச்சு. அதுல நுரையைத் தள்ளப் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் ஓசோனைக் கெடுக்குதுன்னு 1978ல் அமெரிக்கா அத்தகைய கேன்களில் அவற்றைத் தடை செய்ய, வேற வாயுவுக்கு மாறினாங்க. கேன் வசதிதான், மறுக்கலை. ஆனா நீங்க காசு குடுக்கறது தண்ணி, வாயு, தகரம், கொஞ்சூண்டு சோப்பு எல்லாத்துக்கும் சேத்து. இப்ப பழையபடி பிரஷ்ஷுக்குத் திரும்பறவங்களை நோக்கி இன்னொரு வியாபாரம் வந்தாச்சு. மரக் கிண்ணத்துல சந்தன வாசனையோட, நம்ம ஒரு வார மளிகை விலையில சோப்பு.

சரி, எதை வாங்கறது?

நண்பருக்குச் சொன்னதை அப்படியே தர்றேன்.

முதல்ல டியூப்போட பின்பக்கம் படிங்க. தண்ணிக்கு அடுத்தாப்ல ஸ்டியரிக் அமிலம், பக்கத்துலயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருந்தா பாதிக் கிணறு தாண்டியாச்சு. மாட்டுக் கொழுப்பு வேண்டாம்னா, டாலோ அல்லது டாலோவேட்னு முடியற பேர் இருக்கான்னு பாருங்க.

ரெண்டாவது, டியூப் விலையைப் பாக்காதீங்க, ஒரு சவரத்துக்கு என்ன விலைன்னு பாருங்க. நான் அடுப்படித் தராசுல எடை போட்டுப் பாத்தேன் (வீட்டம்மா முறைச்சது தனிக்கதை). கிரீம்னா ஒரு தடவைக்கு 1 கிராம், கொண்டைக்கடலை அளவுக்குத்தான். 70 கிராம் டியூப் 70 சவரம் வரும். வட்ட சோப்பு அதைவிட சிக்கனம். 30 சவரத்துல 18 கிராம்தான் தேஞ்சுது, அதாவது ஒரு தடவைக்கு 0.6 கிராம். 60 கிராம் சோப்பு 100 சவரம். கேன் நுரை ஒரு கை நிறைய எடுத்தா 5 கிராம் போயிடுது.

மூணாவது, தண்ணி. இதை யாரும் சொல்றதில்ல. போர்வெல் தண்ணியில இருக்கற கால்சியம், ஸ்டியரிக் சோப்போட சேந்து கரையாத பிசுக்கா மாறிடும். நுரை எழும்பாது. நம்ம ஆளுங்க சோப்பைத் திட்டிட்டு விலை கூடினதுக்குத் தாவுவாங்க. அதுக்கு முன்னாடி கேன் தண்ணியோ மழைத் தண்ணியோ ஒரு டம்ளர் எடுத்து நுரைச்சுப் பாருங்க. பாதிப் பேருக்கு அங்கயே பிரச்சனை தீர்ந்துடும்.

நாலாவது, வாசனை வாசனைதான். மென்த்தால் போட்டா ஜில்லுனு இருக்கும், சவரம் நல்லா வரும்னு அர்த்தம் இல்ல. எரிச்சல் வர்ற தோலா இருந்தா வாசனை கம்மியா இருக்கறதை, சின்ன டியூப்பா வாங்கி, தாடை ஓரத்துல போட்டுப் பாருங்க.

அஞ்சாவது, குளிக்கிற சோப்பு வேண்டாம். அது நல்ல சோப்புதான், ஆனா அதோட வேலை வேற. நுரை நிக்காது, காய்ஞ்சு போகும்.

பேர் கேட்டா, கோத்ரெஜ் கிரீமும் வட்ட சோப்பும், சலூன்கள்ல நிறைய பாக்கற வி-ஜான், இதெல்லாம் என் தாடைக்குச் சரியா வந்துச்சு. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு துருக்கி ஆர்கோ குச்சி இருக்கு. எலுமிச்சை வாசனை சிலருக்குப் பிடிக்காது, நுரையில குறை சொல்ல முடியாது. எதை வாங்கினாலும் பிரஷ்ஷை நல்லா நனைச்சு, தண்ணியைச் சொட்டுச் சொட்டா சேத்து, ரெண்டு நிமிஷம் பொறுமையா சுத்துங்க. முடி தண்ணி குடிச்சு மெத்துனு ஆகணும், அதுக்குத்தான் இவ்வளவும். மிச்சம் பிடிக்கிற காசுல நல்ல பிளேடு வாங்குங்க.

கடைசியா

அப்பாவுக்கு இப்ப கை நடுங்குது. ஞாயித்துக்கிழமை நான்தான் செஞ்சு விடறேன். போன பிறந்தநாளுக்கு, மனசு கேக்காம, இத்தாலி ப்ரொராசோ கிரீம் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். பூசி முடிச்சு, கண்ணாடியக் காட்டினேன். தாடையைத் தடவிப் பாத்துட்டு, "என்ன விலை?"ன்னார். கொஞ்சம் கம்மி பண்ணித்தான் சொன்னேன். அதுக்கே, "நல்லாத்தான் இருக்கு. நம்ம சோப்பும் இப்படித்தாண்டா இருக்கும்"னார்.

எங்க தெருவுக்குப் பக்கத்துலயே ஒரு சலூன் வந்து வருஷங்கள் ஆச்சு. ஏசி எல்லாம் போட்டிருக்கு, எல்லாரும் போறாங்க. "வாங்கப்பா, ஒரு தடவை அங்க போய் பண்ணிட்டு வரலாம்"னு கூப்பிட்டேன். "எதுக்கு? நீதான் இருக்கியே"ன்னு சொல்லிட்டு, தகர டப்பாவை மூடி என் கைல குடுத்தார்.

உங்க வீட்டு டப்பாவுல என்ன சோப்பு இருந்துச்சு? ஞாபகம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.